அரண்மனையில் ஐந்தாவது நாற்காலி

டோக்கியோ நேரப்படி ஏழரை மணிக்கு யோங் பெங் முச்சந்தியில் லாரி ஏறினோம். சூரியனைக் கேட்டால் ஆறு மணி என்றுதான் சொல்லும். ஜப்பான்காரன் வந்த கையோடு மலாயாவின் கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டான். 1943-ஆம் வருஷத்தின் நடுப்பகுதி, ஒரு செவ்வாய்க்கிழமை. ஜோகூர் பாருவுக்கு ஆளுக்கு நாலு டாலர், வாழைமரம் அச்சடித்த புது நோட்டில். லாரி நிறைய மரவள்ளிக் கிழங்கு மூட்டைகள். அவற்றின் மேல் நானும் என் மைத்துனன் மாணிக்கமும், எங்களுக்கு நடுவில் என் வயலின் பெட்டி.

யோங் பெங்கிலிருந்து ஜோகூர் பாரு அறுபத்தெட்டு மைல். சண்டைக்கு முன்னால் பஸ்ஸில் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். இப்போது பெட்ரோல் ஏது? லாரியின் பின்பக்கம் இரும்பு உருளை ஒன்றைக் கட்டி, அதில் கரி எரித்து, அந்தப் புகையில் வண்டி ஓட்டினார்கள். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். நாலு டாலரும் கொடுத்து வண்டியையும் நாமே தள்ளுவதா என்று டிரைவர் ஆ செங்கிடம் சண்டைக்குப் போனேன். தள்ளாதவர்களுக்கு ஐந்து டாலர் என்றார் அவர், முகத்தைக்கூடத் திருப்பாமல். அதற்குள் மாணிக்கம் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தான். அவன் எப்போதும் அப்படித்தான். நான் பேசி முடிப்பதற்குள் வேலையை முடித்துவிடுவான்.

எதற்காகக் கிளம்பினோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி வாத்தியார். மாணிக்கம் என் மனைவி சரசுவின் ஒரே தம்பி, இருபத்தாறு வயது, ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறவன்; பால்மரம் வெட்டுவது என்போம். சயாமில் ரயில் பாதை போட எங்கள் தோட்டத்திலிருந்து முப்பது பேரை அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை லாரி வரும். அந்த முப்பதில் மாணிக்கத்தின் பெயரும் இருந்தது. அவனுக்கு முன்னால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து போனவர்கள் ஒரு வரி கடுதாசி போடவில்லை. ஏன் போடவில்லை என்று யாரும் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளவில்லை. பட்டியலைப் பார்த்த நாளிலிருந்து சரசு சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த நேரத்தில்தான் ஆ செங் மூலமாகப் பெத்ரோ மாஸ்டர் சொல்லி அனுப்பினார். பெத்ரோ மாஸ்டர் பிலிப்பைன்ஸ்காரர், ஜோகூர் அரண்மனை பேண்டு வாத்தியக்காரர்களுக்குத் தலைவர். சண்டைக்கு முன்னால் எங்கள் துரை பங்களாவுக்கு விருந்தில் வாசிக்க வந்தவர், நான் வயலின் வாசித்ததைக் கேட்டுவிட்டுக் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அரண்மனையில் பழைய காலத்துச் சீமை வாத்தியங்கள் ஐந்து இருக்கின்றன, வாசிக்க நாலு பேர்தான் இருக்கிறார்கள், வில் பிடிக்கத் தெரிந்த ஒருவர் உடனே வேண்டும் என்பது சேதி. வருகிறவர் பெயர் அரண்மனைப் பதிவேட்டில் ஏறும், ஜப்பான்காரன் முத்திரை குத்திய காகிதம் கிடைக்கும், அந்தக் காகிதம் உள்ளவனை யாரும் எங்கேயும் அனுப்ப முடியாது என்றும் சொல்லியிருந்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் பக்கத்தில் பெரிய வித்வான் கச்சேரிக்குப் போனால் பெட்டி தூக்க, வெற்றிலை மடித்துக் கொடுக்க ஓர் ஆள் கூடவே போவான். அவனுக்கும் சேர்த்துத்தான் சாப்பாடு, சம்பாவனை எல்லாம். அரண்மனைக்கு வாசிக்கப் போகிறேன், எனக்கு ஓர் ஆள் தர மாட்டார்களா? என் பெயருக்குக் கீழே மாணிக்கத்தின் பெயரும் ஏறிவிடும். இதைச் சரசுவிடம் பெரிய ராஜதந்திரி மாதிரி விளக்கினேன். அவள் பாதிதான் நம்பினாள். கிளம்பும்போது, “நீங்க அங்க போய் யார்கிட்டயும் கோவப்படாதீங்க” என்று மட்டும் சொன்னாள்.

பன்னிரண்டு மைல் தாண்டி ஆயர் ஈத்தாமில் முதல் சோதனைச் சாவடி. இறங்கி வரிசையாக நின்று சிப்பாய்க்கு இடுப்பை வளைத்து வணக்கம் செய்ய வேண்டும். போதாது என்று தோன்றினால் கன்னத்தில் அறைவான். பள்ளிக்கூடத்தில் நானே ஜப்பான் எழுத்துச் சொல்லித் தருவதால் பயண அனுமதிச் சீட்டு கையில் இருந்தது. வயலினைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். விரலால் ஒரு தந்தியைச் சுண்டிப் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான். போகச் சொல்லிவிட்டான். அவன் ஊரிலும் யாரோ எதையோ வாசித்திருப்பார்கள்.

சிம்பாங் ரெங்கம் தாண்டியதும் இரண்டு பக்கமும் ரப்பர்க் காடுதான். பாதி மரங்களை வெட்ட ஆளில்லை. பால் வாங்கக் கப்பல் இல்லை. பால் பிடிக்கும் கோப்பைகள் கவிழ்ந்து கிடந்தன. மாணிக்கம் மூட்டைமேல் உட்கார்ந்து ஒவ்வொரு நிரையையும் கண்ணால் எண்ணிக்கொண்டு வந்தான். எதற்கடா என்றேன். பழக்கம் மாமா என்றான். அவனுக்கு ஒரு நாளைக்கு நானூறு மரம். இருட்டில் நெற்றி விளக்கோடு ஆரம்பித்தால் நானூறாவது மரம் வரைக்கும் எண்ணிக்கை தவறாது, நடுவில் பாம்பே குறுக்கே போனாலும்.

கூலாயில் ஒரு மணி நேரம் வண்டி படுத்துவிட்டது. சர்க்கரை இல்லாத காப்பியும் வேகவைத்த கிழங்கும் நாற்பது காசு. செனாய், ஸ்கூடாய் கடந்து ஜோகூர் பாரு போய்ச் சேரும்போது டோக்கியோ மணி ஐந்தரை. அறுபத்தெட்டு மைலுக்குப் பத்து மணி நேரம். எனக்குத் தெரிந்த செட்டியார் ஒருவரின் வட்டிக்கடைக் கிட்டங்கியில் தங்க இடம் கிடைத்தது. கடல் தெரியும் மாடி. அக்கரையில் சிங்கப்பூர், அதற்கு இப்போது ஷோனான் என்று பெயர். எதற்காக வந்தீர்கள் என்று செட்டியார் கேட்க, அரண்மனையில் வாசிக்க என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அவர் பாயோடு சேர்த்து ஒரு தலையணையும் கொடுத்தார்.

புதன்கிழமை, டோக்கியோ மணி பத்து. கடலைப் பார்த்த மேட்டில் அரண்மனை. பெரிய மண்டபங்களுக்குள் எங்களை யாரும் விடவில்லை. தோட்டத்து வழியாகப் பின்னாலிருந்த மரவீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினோம். பளபளவென்று தேய்த்த பலகைத் தரை, நீளமான ஜன்னல்கள், கடல்காற்று. பெத்ரோ மாஸ்டர் என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் கையைப் பிடித்தார். பிறகு துங்கு வந்தார். அரச குடும்பத்து அம்மையார். துங்கு என்பது பட்டம்; அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஐம்பது வயதிருக்கும். படிக்கும் காலத்தில் சீமையில் இருந்தவர். அங்கிருந்து ஒரு பெரிய மரப்பெட்டியைக் கப்பலில் கொண்டுவந்தார். அதில்தான் அந்த ஐந்தும்.

வயோல் என்று பெயர். பார்வைக்கு வயலினுக்கு உறவுக்காரர் மாதிரி இருக்கும், ஆனால் தோள்கள் தொங்கியிருக்கும். ஆறு தந்தி. வீணைக்கு இருப்பதுபோல மெட்டுகள் உண்டு, ஆனால் வெண்கலம் இல்லை, மெழுகு இல்லை. ஆட்டுக் குடல் நரம்பையே கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். பெரியது, நடுத்தரம், சின்னது என்று ஒரே தச்சன் செய்த ஒரே குடும்பம். சின்னதைக்கூடத் தோளில் வைப்பதில்லை, எல்லாமே முழங்காலுக்கு நடுவில் நிமிர்த்தி வைத்துத்தான். வில்லைப் பிடிப்பதும் நமக்குத் தலைகீழ். நான் மேலிருந்து பிடிப்பேன். இவர்கள் உள்ளங்கை வானம் பார்க்கக் கீழிருந்து பிடிக்கிறார்கள்.

நானூறு வருஷத்துக்கு முன்னால் சீமை ராஜாக்கள் சாப்பாடு முடிந்து ஓர் அறையில் உட்கார்ந்து கேட்ட சங்கீதமாம் இது. கூட்டத்துக்காக இல்லை, அந்த அறைக்குள் இருக்கிறவர்களுக்கு மட்டும். சண்டைக்கு முன் துங்குவோடு வாசித்தவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகளின் மனைவிமார். அவர்கள் எல்லோரும் இப்போது சிங்கப்பூரில் சிறைக்காவலில். பெத்ரோ மாஸ்டரையும் சேர்த்துப் பேண்டுக்காரர்கள் மூன்று பேரைத் துங்கு பழக்கி எடுத்திருந்தார். ஐந்தாவது ஆள் காய்ச்சலில் செத்துப்போனான். பத்து நாளில் ஜப்பானியப் பெரிய அதிகாரி ஒருவர் அரண்மனைக்கு விருந்துக்கு வருகிறார். எதிரி நாட்டுச் சங்கீதம் கூடாது என்று தடை இருக்கிறதே என்று கேட்டேன். துங்கு சிரித்தார். இது இத்தாலி அரண்மனைச் சங்கீதம், இத்தாலி அவர்களுக்குச் சிநேக நாடு, சுரப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதியே இருக்கிறது என்றார்.

நான் உடனே காரியத்துக்கு வந்தேன். இவன் என் ஆள், வாத்தியம் தூக்குவான், இவன் பெயரையும் எழுத வேண்டும் என்று மலாயில் பவ்வியமாகக் கேட்டேன். பெத்ரோ மாஸ்டரின் முகம் சுருங்கியது. துணை ஆட்கள் பெயரெல்லாம் போன மாதமே பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டார்களாம். நாற்காலிக்கு ஒரு பெயர், ஐந்து நாற்காலிக்கு ஐந்து பெயர், அதற்கு மேல் ஜப்பான்காரன் ஒத்துக்கொள்ள மாட்டான் என்றார். மாணிக்கம் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் மலாய் புரியும். ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தான்.

சரி, முதலில் வாசித்துக் காட்டுவோம், நம் வாசிப்பில் மயங்கினால் அப்புறம் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உட்கார்ந்தேன். வாத்தியத்தை முழங்காலில் இடுக்கிக்கொண்டு, இதில் பிரதானம் யார், நான் யாருக்குப் பக்கவாத்தியம் என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே? பெத்ரோ மாஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, யாரும் பிரதானம் இல்லை, யாரும் பக்கவாத்தியமும் இல்லை என்றார். ஒருவர் ஆரம்பிப்பார், அவர் சொன்னதையே இன்னொருவர் எடுப்பார், முதல் ஆள் நிறுத்திக்கொள்வார், மூன்றாமவர் நுழைவார். இப்படியே போகும்.

என் பாகம் மிகச் சுலபம். மற்ற நாலு பேரும் கொடிமாதிரி பின்னிக்கொண்டு போக, நான் நீளநீளமாக ஒவ்வொரு சுரமாக இழுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எட்டு எண்ணிக்கை. எந்தத் தந்தி, எந்த மெட்டு என்று எண் போட்டே கொடுத்திருந்தார். நடுவில் பதினாறு எண்ணிக்கை சும்மா இருக்க வேண்டும். இருபது வருஷம் வயலின் பிடித்த எனக்கு இதுவா என்று உள்ளுக்குள் சிரிப்பு.

ஆரம்பித்தார்கள். அதை எப்படிச் சொல்ல? நாலு பேர் ஒரே சமயத்தில் பேசியும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டாத வீடு எங்கேயாவது இருந்தால், அந்த வீட்டு வாசலில் நின்று கேட்பதுபோல இருந்தது. சத்தம் கூடப் பெரிதில்லை. என் முதல் சுரம் வந்தது. நான் அதை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். என் விரல் கேட்டால்தானே? நம் சங்கீதத்தில் அசையாத சுரம் செத்த சுரம். தானாகவே கமகம் விழுந்தது. அப்படி இல்லை என்பதுபோலத் துங்கு தலையை ஆட்டினார். பிறகு அந்தப் பதினாறு எண்ணிக்கை வந்தது. பஜனையில் பாடுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தினால் அந்த இடத்தை வயலின்காரன் இட்டு நிரப்ப வேண்டும்; நிரப்பாதவன் வேலை தெரியாதவன். நான் நிரப்பினேன். அழகாகத்தான் நிரப்பினேன். நாலு பேரும் வில்லை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

மூன்று தடவை பார்த்தோம். மூன்று தடவையும் அதே இடம், அதே தப்பு. நாலாவது தடவை பெத்ரோ மாஸ்டர் என் முழங்கையைத் தொட்டு, “டியாம்” என்றார். பேசாமல் இரு என்று அர்த்தம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். சரசு சொன்னது ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன். சட்டையெல்லாம் வேர்வை. முகம் துடைக்க வாத்தியத்தையும் வில்லையும் மாணிக்கத்திடம் கொடுத்தேன்.

துங்கு அவனை முதல் தடவையாகப் பார்த்தார். அவன் கையைப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். யாரும் சொல்லித் தராமலே வில்லை உள்ளங்கை மேலே இருக்கக் கீழிருந்து பிடித்திருந்தான். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். பால்மரம் வெட்டுகிறேன், மரத்தில் கத்தியை இப்படித்தான் பிடித்து இழுப்போம் என்றான். உட்காரச் சொன்னார். தந்தியில் வில்லை இழுக்கச் சொன்னார்.

பால்மரம் வெட்டுவதைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பட்டையை நூல் கனத்துக்குச் சீவி எடுக்க வேண்டும். மேலாகச் சீவினால் பால் வராது, ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், வெட்டியவனுக்கு அரை நாள் சம்பளம் போச்சு. ஆரம்பத்தில் எவ்வளவு அழுத்தமோ கடைசி வரைக்கும் அவ்வளவே. மாணிக்கம் பன்னிரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு நானூறு தடவை அதைச் செய்தவன். வில்லை வைத்து இழுத்தான். ஆரம்பம் எப்படியோ முடிவு அப்படி, ஒரே கனமாக, ஒரு நடுக்கம் இல்லாமல் வந்தது அந்தச் சுரம். வெள்ளிக்கிழமை பஜனையில் எனக்குச் சுருதிப்பெட்டி போடுகிறவனும் அவன்தான். விரல் மெட்டைவிட்டுக் கொஞ்சம் விலகியபோது, யாரும் சொல்லாமல் தானே சரி செய்துகொண்டான்.

பெத்ரோ மாஸ்டர் எண்களைக் காட்டினார். பாதி நாள் அதிலேயே போனது. சாயங்காலம் ஐந்து பேரும் சேர்ந்து வாசித்தார்கள். அவன் உதடு எண்ணிக்கொண்டே இருந்தது. அந்தப் பதினாறு வந்தது. வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடக்கிறவன் மாதிரி, எண்ணிக்கொண்டு சும்மா இருந்தான். அவன் விட்ட இடத்தில் துங்குவின் சின்ன வயோல் மெல்ல நுழைந்தது. நான் மூன்று தடவை மூடிவிட்ட கதவு அது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பதினேழில் அவன் திரும்பவும் இழுத்தான். மேலே நாலு பேர் என்ன செய்தாலும் அடியில் அவன் நின்றான்.

முடிந்ததும் பெத்ரோ மாஸ்டர் என்னிடம் வந்தார். அழைத்தது உங்களைத்தான், இரண்டு நாள் பழகினால் உங்களுக்கும் வந்துவிடும், நாற்காலி ஒன்றுதான், நீங்களே சொல்லுங்கள் என்றார். இதை எழுத வெட்கமாக இருக்கிறது: ஒரு கணம் எனக்குப் பொறாமை வந்தது. கும்பகோணத்தில் நான் கற்ற வித்தையை, வில்லையே தொடாத ஒரு பயல் ஒரே பகலில் மண்ணாக்கிவிட்டானே என்று. அப்புறம் சரசுவின் சாப்பிடாத தட்டு ஞாபகம் வந்தது.

“எழுதுங்க மாஸ்டர். மாணிக்கம்” என்றேன்.

முத்திரை குத்திய காகிதம் இரண்டு பிரதி வந்தது. நிப்போன் ஆண்டு 2603 என்று மேலே அச்சு. ஒன்று அவனிடம், ஒன்று என்னிடம்.

வியாழக்கிழமை காலை, மறுபடியும் ஆ செங் லாரி. மாணிக்கம் சந்தை வரைக்கும் வழியனுப்ப வந்தான். அரண்மனையில் கொடுத்த வெள்ளைச் சட்டை தோளில் தொங்கியது. திடீரென்று அவனுக்குப் பயம் வந்துவிட்டது. “மாமா, நான் எதாச்சும் தப்புப் பண்ணிட்டா?” என்றான். எண்ணிக்கையை விடாதே, உனக்கு அது போதும் என்றேன். மரங்களை இனி யார் எண்ணுவார்கள் என்று கேட்டான். நான் எண்ணுகிறேன் போ என்றேன். லாரி கிளம்பியதும் அழுதேன். அறுபத்தெட்டு மைலும் மேடு வந்தபோதெல்லாம் இறங்கி நான்தான் தள்ளினேன். ஆ செங் ஒரு டாலரைத் திருப்பிக் கொடுத்தார்.

தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் சரசு நின்றிருந்தாள். நான் தனியாக வருவதைப் பார்த்ததும் அவள் கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது. தூரத்திலிருந்தே காகிதத்தைத் தூக்கிக் காட்டினேன். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் பாதியில் உட்கார்ந்து அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“அப்ப உங்கள ஏன் எடுக்கல?”

“எனக்கு சும்மா இருக்கத் தெரியலையாம்.”

“இதத் தெரிஞ்சுக்க அரண்மனைக்கா போகணும்? என்னக் கேட்டிருக்கலாமே” என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. பெயர் கூப்பிட்டார்கள். மாணிக்கம் பெயர் வந்ததும் காகிதத்தை நீட்டினேன். அதிகாரி முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டு, பெயரைக் கோடு போட்டு அடித்தார். இருபத்தொன்பது பேர் ஏறினார்கள். அதில் ஏழு பேர் என்னிடம் படித்தவர்கள். என் சந்தோஷத்தை அவர்களுடைய அம்மாக்கள் பார்க்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய் நின்றேன்.

அன்று சாயங்காலம் கோயிலில் பஜனை. பாதி இடம் காலி. சுருதிப்பெட்டி போட ஆளில்லை. பாடுகிற ஐயா ஓர் அடியைப் பாடிவிட்டு, குரல் உடைந்து நிறுத்தினார். என் வில் தந்திக்கு ஒரு விரல் மேலே வந்துவிட்டது. அப்படியே பிடித்துக்கொண்டேன். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாத்தியாருக்கு என்ன ஆச்சு என்று யாரோ முணுமுணுத்தார்கள். பதினொன்று எண்ணியபோது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் அந்த அடியை எடுத்தது. மெல்லிய குரல், கொஞ்சம் சுருதி குறைவு. பதின்மூன்றில் அது இரண்டு குரலானது, பிறகு பிள்ளைகளை லாரி ஏற்றி அனுப்பிவிட்டு வந்த அம்மாக்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். எனக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். சரசு பாடுவாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.